அங்கோலாவில் முதல் குண்டைச் சுட்டது யார்?

"என்ன இருந்தாலும், முதலில் வெட்டுக்கத்தியைத் தூக்கியவர்கள் அவர்கள்தானே?"

ஆப்பிரிக்க நாடுகளின் சுதந்திரப் போர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் போதும். சில கனவான்கள் இந்தக் கேள்வியை எடுத்து வீசுவார்கள். அடிமைத்தனம் தப்புத்தான் என்பார்கள். வெள்ளைக்காரன் சுரண்டினான் என்பதையும் ஒப்புக்கொள்வார்கள். பிறகு "ஆனால்..." என்று ஓர் இழுப்பு இழுத்து, ரத்தப் பழி முழுவதையும் சுதந்திரம் கேட்டவன் தலையில் கொண்டுபோய்ச் சுமத்துவார்கள்.

இந்தக் கேள்விக்கு அங்கோலாவை வைத்து, வருஷம் தேதியோடு பதில் சொல்லலாம். அந்த நாட்டின் சுதந்திரப் போர் பருத்திக் காட்டில் தொடங்கியது. பருத்தி என்றால் என்ன, அதை எடுக்க எத்தனை முதுகு வளைய வேண்டும் என்று நூற்பாலைத் தோழருக்கும் காட்டு வேலை செய்யும் தாய்மாருக்கும் யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. ஆகவே கதையை அங்கிருந்தே தொடங்குவோம்.

பத்திரிகைகள் பார்த்த தேதி

அங்கோலா, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கிறது. அதை ஆண்ட போர்ச்சுகலைப் போல் பதின்மூன்று மடங்குக்கும் மேல் பெரிய நாடு. அதன் சுதந்திரப் போர் 1961 பிப்ரவரி 4-ம் தேதி தொடங்கியது என்றுதான் பெரும்பாலான புத்தகங்கள் சொல்லுகின்றன.

அன்று விடியுமுன் தலைநகரான லுவாண்டாவில் வெட்டுக்கத்தி ஏந்திய ஆட்கள், அரசியல் கைதிகளை விடுவிப்பதற்காகச் சிறைச்சாலையையும் போலீஸ் இருப்பிடத்தையும் தாக்கினார்கள். சர்க்கார் தரப்பில் 7 பேர் மாண்டார்கள். தாக்கியவர்களில் அதைப்போல் பல மடங்கு பேர் எந்திரத் துப்பாக்கியின் முன் விழுந்தார்கள். சிறைக் கதவு திறக்கவில்லை.

மறுநாளே இந்தச் செய்தி உலகமெல்லாம் பரவியது. எப்படி? வெளிநாட்டு நிருபர்கள் கூட்டமாக லுவாண்டாவில் தங்கியிருந்தார்கள். ஜனவரி 22-ம் தேதி 'சாந்தா மரியா' என்ற போர்த்துக்கீசியப் பயணக் கப்பலை, சர்வாதிகாரி சலாஸாரின் எதிரியான ஹென்ரிக் கல்வாவோ என்பவர் நடுக்கடலில் கைப்பற்றியிருந்தார். கப்பல் அங்கோலாவுக்கு வரும் என்று வதந்தி. அதைப் படம் பிடிக்கத்தான் நிருபர்கள் வந்தார்கள். கப்பலோ பிரேசில் நாட்டுக்குப் போய்விட்டது. காத்திருந்த நிருபர்களின் கண் முன்னால் பிப்ரவரி 4 நடந்தது.

அதற்கு ஒரு மாதம் முன்பே, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உள்நாட்டில், மலாஞ்சே ஜில்லாவின் கசாஞ்சே தாழ்நிலத்தில் உழவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். அங்கே நிருபர் இல்லை. போட்டோ இல்லை. ராணுவமும் விமானமும் மட்டுமே போயின. கனவான்களின் சரித்திரம் பிப்ரவரி 4-ல் தொடங்குவதன் ரகசியம் இதுதான். வெள்ளைக்காரன் செத்த நாளில் அவர்களுடைய கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது.

பருத்தி யாருடையது?

1926-ம் வருஷம் போர்த்துக்கீசிய சர்க்கார் ஒரு சட்டம் போட்டது. ஆப்பிரிக்கக் காலனிகளைப் பருத்தி வட்டாரங்களாகப் பிரித்து, கம்பெனிகளுக்குப் பட்டயம் எழுதிக் கொடுத்தது. கசாஞ்சே தாழ்நிலம், போர்த்துக்கீசிய முதலாளிகளும் பெல்ஜியம் முதலாளிகளும் கூட்டாக நடத்திய 'கோட்டோனாங்' என்ற கம்பெனியின் கைக்குப் போயிற்று.

ஏற்பாடு மிகவும் எளிது. விதை கம்பெனி கொடுக்கும். நிலம் உழவனுடையது. உழைப்பு அவனுடையது, அவன் மனைவியுடையது, பிள்ளைகளுடையது. விளைந்த பருத்தியைக் கம்பெனிக்குத்தான் விற்க வேண்டும். வேறு ஒருவன் வாங்கக்கூடாது. விலையை சர்க்கார் நிர்ணயிக்கும். அது உலகச் சந்தை விலைக்குக் கீழேதான் இருக்கும். மழை பொய்த்தாலும் பூச்சி விழுந்தாலும் நஷ்டம் உழவனைச் சேர்ந்தது. லாபம் கம்பெனியைச் சேர்ந்தது.

"பிடிக்காவிட்டால் பருத்தி போடாமல் இருக்கலாமே?" என்று கேட்கலாம். போடாமல் இருக்க முடியாது! கம்பெனியின் கங்காணி காட்டைச் சுற்றி வருவான். அவன் பின்னால் சர்க்கார் அதிகாரி. அதிகாரியின் மேஜையில் ஓட்டைகள் போட்ட ஒரு மரத்தட்டை இருக்கும். உள்ளங்கையை நீட்டச் சொல்லி அதனால் அடிப்பார்கள். கை வீங்கி வெடிக்கும். சாட்டையும் உண்டு. அதற்கும் மசியாதவனைச் சாலை வேலைக்கும் தோட்ட வேலைக்கும் பிடித்து அனுப்புவார்கள். இவ்வளவுக்கும் மேல் தலைவரி வேறு. பருத்தி விற்ற காசு அந்த வரிக்கே கையை விட்டுப் போய்விடும். மரவள்ளி நட வேண்டிய நாளில் பருத்திக்குக் களை எடுத்துவிட்டு, பசி மாதத்தில் வெறுஞ்சட்டியைப் பார்த்து உட்கார வேண்டும்.

இதையெல்லாம் காலனி ஆட்சியின் எதிரிகள் கட்டிவிட்ட கதை என்று தள்ள முடியாது. மேலே சொன்ன கல்வாவோ இருக்கிறாரே, கப்பலைப் பிடித்தவர், அவர் ஒரு காலத்தில் சலாஸார் சர்க்காரின் காலனி இலாகா மேலதிகாரி. 1947-ல் அவரே அங்கோலாவின் கட்டாய உழைப்பைப் பற்றி ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தார். விலைக்கு வாங்கிய அடிமை செத்தால் எஜமானனுக்கு நஷ்டம். சர்க்கார் பிடித்துக் கொடுக்கும் கூலியாள் செத்தால் இன்னொருவனைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆகவே இது பழைய அடிமைத்தனத்தைவிடக் கேடானது என்பது அதன் சாரம். சர்க்கார் என்ன செய்தது? அறிக்கையைப் பூட்டி வைத்தது. 1952-ல் அறிக்கை எழுதியவரையும் பிடித்துச் சிறையில் போட்டது.

1951-ல் இன்னொரு வேடிக்கை நடந்தது. ஐக்கிய நாடுகள் சபையில் காலனிகளைப் பற்றிக் கேள்வி வரும் என்று பயந்து, 'காலனி' என்ற சொல்லையே சலாஸார் தமது அரசியல் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார். அங்கோலா இனிமேல் போர்ச்சுகலின் 'கடல் கடந்த மாகாணம்' என்றார். அந்த மாகாணத்தில் 1950-ல் இருந்த ஜனங்கள் சுமார் 40 லட்சம் பேர். ஆப்பிரிக்கர்களில் 'நாகரிகம் அடைந்தவர்' என்று முத்திரை பெற்றுக் குடிமகன் உரிமை அடைந்தவர்கள் சுமார் 30,000 பேர். நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. மற்றவர்களெல்லாம் 'சுதேசிகள்'. அவர்களுக்குத் தனிச் சட்டம், தனி வரி, கட்டாய வேலை. பெயர் மாறியது, சாட்டை மாறவில்லை.

"விதைக்க மாட்டோம்!"

1960 ஜூன் 30-ம் தேதி பக்கத்து நாடான பெல்ஜியக் காங்கோ சுதந்திரம் அடைந்தது. கசாஞ்சே தாழ்நிலம் அந்த எல்லையை ஒட்டிய பிரதேசம். எல்லைக்கோட்டை வரைந்தவன் ஐரோப்பியன். இரண்டு பக்கமும் இருப்பவர்கள் உறவுக்காரர்கள். அக்கரையில் உள்ளவன் சுதந்திர மனிதன் ஆகிவிட்டான், இக்கரையில் நம் கை மட்டும் ஏன் வீங்க வேண்டும் என்ற கேள்வி குடிசைக்குக் குடிசை பரவியது. காங்கோவின் பிரதமர் லுமும்பாவின் பெயரைச் சொல்லிப் பாடினார்கள். அந்தோனியோ மரியானோ என்ற ஒரு கிறிஸ்தவப் பிரசங்கியின் பின்னாலும் பலர் திரண்டார்கள். அதனால் இந்தக் கிளர்ச்சிக்கு 'மரியாவின் போர்' என்றும் பெயர் ஏற்பட்டது.

1961 ஜனவரி தொடக்கத்தில் உழவர்கள் தீர்மானம் செய்துவிட்டார்கள். பருத்தி விதைக்க மாட்டோம்; சாலை வேலைக்குப் போக மாட்டோம்; தலைவரி கட்ட மாட்டோம்! கம்பெனி கொடுத்த விதையைத் தீயில் போட்டார்கள். சர்க்கார் கொடுத்த அடையாள அட்டைகளைக் கிழித்தார்கள். துருப்புகள் வராதபடி சாலைகளை அடைத்தார்கள். வெள்ளை வியாபாரிகளின் கடைகளைச் சூறையாடினார்கள், மாடுகளைக் கொன்றார்கள். கோபம் கண்டபடி பாய்ந்தது உண்மைதான். ஆனால் அது எதன் மேல் பாய்ந்தது என்று கவனியுங்கள். விதை, அட்டை, கடை, சாலை, மாடு! அவர்களைக் கட்டி வைத்திருந்த விலங்கின் கண்ணிகள் எவையோ, அவற்றின் மேல்தான் பாய்ந்தது.

ஆலைத் தொழிலாளிகளே, இதற்கு உங்கள் பாஷையில் என்ன பெயர்? வேலை நிறுத்தம். அங்கோலாவின் சுதந்திரப் போர் ஒரு வேலை நிறுத்தமாகத்தான் தொடங்கியது.

அதற்குக் கிடைத்த பதில் என்ன? விலையைக் கூட்டுகிறோம் என்று பேச யாரும் வரவில்லை. ராணுவக் கம்பெனிகள் வந்தன. விமானங்கள் வந்தன. ஜனவரி முடிந்து பிப்ரவரியிலும் கிராமங்களின் மேல் குண்டு விழுந்தது. உழவர்கள் கையில் இருந்தவை வெட்டுக்கத்தியும், வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியுந்தான். விமானத்துக்கு முன்னால் அவை என்ன செய்யும்? கிராமங்கள் எரிந்தன. தப்பியவர்கள் புதருக்குள்ளும் காங்கோ எல்லைக்கு அப்பாலும் ஓடினார்கள். மரியானோ சிறையில் மாண்டார்.

முதல் குண்டைச் சுட்டது யார் என்ற கேள்விக்குப் பதில் இதுதான். விதைக்க மறுத்தவன் மேல், கம்பெனிக்காக, கம்பெனியின் சர்க்கார் சுட்டது.

எண்ணப்பட்ட பிணமும் எண்ணப்படாத பிணமும்

பிப்ரவரி 4-ல் மாண்ட அதிகாரத் தரப்பினர் 7 பேர். இந்த எண்ணிக்கை எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அவர்களுக்கு சர்க்கார் மரியாதையோடு மறுநாள் சவ அடக்கம் நடந்தது. அந்த ஊர்வலத்திலிருந்து கிளம்பிய வெள்ளையர் கூட்டம் லுவாண்டாவின் ஆப்பிரிக்கச் சேரிகளுக்குள் ஆயுதங்களோடு நுழைந்து, கையில் அகப்பட்டவர்களைக் கொன்றது. அந்தப் பிணங்களுக்குச் சரியான எண்ணிக்கை இல்லை.

கசாஞ்சேயில் மாண்டவர்கள் எத்தனை பேர்? சில நூறு என்று எழுதியவர் உண்டு. பல ஆயிரம் என்று எழுதியவரும் உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியே ஒரு குற்றப்பத்திரிகை! ஒரு மூட்டை பருத்தி குறைந்தால் கம்பெனியின் கணக்குப்பிள்ளைக்குத் தெரியும். ஒருவன் தலைவரி கட்டாவிட்டால் அதிகாரிக்குத் தெரியும். அந்தக் காட்டில் எடைபோடாத பருத்தி இல்லை, பெயர் எழுதாத தலை இல்லை. அப்படி எழுதி வைத்த அதே சர்க்கார், கொன்ற தலைகளை எண்ணாமல் விட்டது. மறந்துபோய் விட்டதா? எண்ணினால் பதில் சொல்ல வேண்டுமே!

பிணத்துக்கு எண்ணிக்கை இல்லையென்றால் குற்றத்துக்கும் அளவு இல்லை. பிறகு அறுபது வருஷம் கழித்து ஒரு கனவான், "இரண்டு பக்கமும் தப்பு உண்டு" என்று தராசு பிடிக்கலாம். ஒரு தட்டில் 7 பேர். மறு தட்டில் யார் என்றே தெரியாதவர்கள். தராசு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லவும் வேண்டுமோ?

"அமைதியாகக் கேட்டிருக்கலாமே!"

இது அவர்களுடைய அடுத்த அம்பு. கேட்டுப் பார்க்கவில்லையா? சலாஸாரின் ஆட்சியில் அமைதியாகக் கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்று வரிசையாகப் பார்ப்போம்.

1955 ஆகஸ்டு 15. நமது கோவா. அதுவும் சலாஸாரின் 'மாகாணம்'தான். வெறுங்கையோடு எல்லை தாண்டிய சத்தியாக்கிரகிகளைச் சுட்டார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

1959 ஆகஸ்டு 3. மேற்கு ஆப்பிரிக்காவில் போர்த்துக்கீசிய கினியாவின் பிசாவு துறைமுகம். கூலி உயர்வு கேட்டு வேலை நிறுத்தம் செய்த துறைமுகத் தொழிலாளிகளைச் சுட்டார்கள். சுமார் 50 பேர் மாண்டார்கள்.

1960 ஜூன் 16. மொஸாம்பிக்கில் முவேடா என்ற ஊர். அதிகாரியிடம் முறையிடக் கூடிய ஜனங்களைச் சுட்டார்கள்.

அதே ஜூன் மாதம், அங்கோலாவிலேயே. டாக்டர் அகஸ்தினோ நேட்டோவைக் கைது செய்தார்கள். அவரை விடுதலை செய் என்று கேட்டு அவருடைய சொந்த வட்டாரத்துக் கிராம மக்கள் ஊர்வலமாக வந்தார்கள். துருப்புகள் சுட்டன. 30 பேர் மாண்டார்கள், 200 பேர் காயம் அடைந்தார்கள் என்று பதிவாகியிருக்கிறது.

இந்த நான்கு இடத்திலும் வெட்டுக்கத்தி யார் கையில் இருந்தது? யார் கையிலும் இல்லை. கோரிக்கைதான் இருந்தது. குட்டக் குட்டக் குனிகிறவனும் மூடன் என்பார்கள். குனிந்து குனிந்து முதுகு ஒடிந்த பிறகுதான் அங்கோலா உழவன் நிமிர்ந்தான்.

"அந்நியர் தூண்டுதல்!" என்றும் சலாஸார் கூச்சல் போட்டார். மாஸ்கோவிலிருந்தும் காங்கோவிலிருந்தும் வந்த விஷமிகளாம்! உள்ளங்கை வீங்கியிருப்பது அதன் சொந்தக்காரனுக்கு வெளியூரான் வந்து சொல்லித்தான் தெரிய வேண்டுமா? எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும். சலாஸார் விறகைத் தள்ளிக்கொண்டே, பானை பொங்குவதற்குப் பக்கத்து வீட்டுக்காரனைக் குற்றம் சொன்னார்.

1961 மார்ச் 15-ம் தேதி பாதுகாப்புக் கவுன்சிலில் அங்கோலாவைப் பற்றி இலங்கை, லைபீரியா, ஐக்கிய அரபுக் குடியரசு ஆகிய மூன்று நாடுகளும் ஒரு தீர்மானம் கொண்டுவந்தன. சோவியத் யூனியனும் அமெரிக்காவும் ஒன்றாகக் கை தூக்கிய அபூர்வமான காட்சி அன்று நடந்தது. ஆதரவு 5 வோட்டு. பிரிட்டனும் பிரான்சும் உள்பட 6 நாடுகள் நடுநிலை. தீர்மானம் தோற்றது. அமெரிக்காவின் தர்ம ஆவேசமும் நெடுநாள் நீடிக்கவில்லை. அசோர் தீவுகளில் அதற்கு ராணுவ தளம் இருந்தது. அதற்கு இடம் கொடுத்தவர் சலாஸார். ஒப்பந்தம் 1962 முடிவில் தீரவிருந்தது. போர்ச்சுகலோ 1949-லிருந்தே நேட்டோ ராணுவக் கூட்டில் ஸ்தாபக அங்கத்தினர். உழவனின் உயிரா, விமான தளமா என்ற கேள்வி வந்தபோது தளம் ஜெயித்தது.

நம் பக்கத்துக் கணக்கையும் மறைக்க வேண்டாம்

எதிரியின் கணக்கை மட்டும் பேசிவிட்டு நழுவுவது யோக்கியமாகாது. பாதுகாப்புக் கவுன்சில் கூடிய அதே மார்ச் 15-ம் தேதி அங்கோலாவின் வட பகுதியில் காப்பித் தோட்டங்களில் இன்னொரு எழுச்சி வெடித்தது. அதை நடத்தியது ஹோல்டன் ராபர்ட்டோவின் தலைமையிலிருந்த 'அங்கோலா மக்கள் யூனியன்'. நூற்றுக்கணக்கான வெள்ளையர்கள், பெண்கள் குழந்தைகள் உள்பட, வெட்டுப்பட்டு மாண்டார்கள். தெற்கேயிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் பிடித்து வரப்பட்ட ஒவிம்புண்டு தொழிலாளிகளும் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டார்கள்.

குழந்தையை வெட்டியதை எந்தச் சுரண்டலைக் காட்டியும் நியாயப்படுத்த முடியாது. சொந்த ஊரிலிருந்து பிடித்து வந்து அடிமை வேலை வாங்கப்பட்ட அந்தக் கூலிக்காரன் யாருக்கு எதிரி? தோட்ட முதலாளி அவன் உழைப்பைத் தின்றான். எழுந்தவனின் கத்தி அவன் கழுத்தையே வெட்டியது. வேறு பாஷை பேசினான், வேறு இனத்தான் என்பதைத் தவிர அவன் செய்த குற்றம் ஒன்றுமில்லை.

இதைச் சொல்ல ஏன் தயங்க வேண்டும்? கோபம் நியாயமானது என்பதால் அது போகும் வழியெல்லாம் நியாயமாகிவிடாது. கசாஞ்சேயில் கம்பெனி எது, கங்காணி எவன் என்று உழவனுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் ஊர்களை இணைக்கும் ஸ்தாபனம் இல்லை. ஆகவே விமானத்தின் முன்னால் தனித்து நின்று அழிந்தார்கள். வடக்கே ஸ்தாபனம் இருந்தது. ஆனால் எவன் எதிரி, எவன் கூட்டாளி என்று பிரித்துக் காட்ட அது தவறியது. இரண்டு தவறுக்கும் விலை கொடுத்தவன் உழைப்பாளிதான். காலனி சர்க்கார் பழிக்குப் பழி என்று வடக்கு முழுவதையும் சுடுகாடாக்கியது. பல்லாயிரம் பேர் மாண்டார்கள். அந்த வருஷ முடிவுக்குள் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகள் காங்கோவுக்கு ஓடினார்கள்.

அந்தக் கத்தி கீறிய இனப்பிளவு பிறகும் ஆறவில்லை. சுதந்திரத்துக்காகப் போராடிய இயக்கங்கள் மூன்றாகப் பிரிந்தன. 1975-ல் சுதந்திரம் வந்ததும் ஒன்றோடொன்று மோதின. அந்நியப் படைகளும் அந்நியப் பணமும் உள்ளே புகுந்தன. உள்நாட்டுப் போர் 2002 வரை நாட்டைத் தின்றது.

லாபம் யாருக்குப் போயிற்று?

கசாஞ்சேயின் பருத்தி எங்கே போயிற்று? அங்கோலாவிலும் மொஸாம்பிக்கிலும் சாட்டையடியில் விளைந்த பருத்தி போர்ச்சுகலின் வட பகுதியிலுள்ள நூற்பாலைகளுக்கும் நெசவாலைகளுக்கும் போயிற்று. சரி, அந்த ஆலையில் நின்ற போர்த்துக்கீசியத் தொழிலாளி இதனால் கொழுத்தானா? மேற்கு ஐரோப்பாவிலேயே மிகக் குறைந்த கூலி வாங்கியவர்களில் அவனும் ஒருவன். அவனுக்குச் சுதந்திரமான சங்கம் கிடையாது. வேலை நிறுத்தம் சட்டவிரோதம். வாயைத் திறந்தால் ரகசியப் போலீஸ். விதைத்தவனை அடித்த ஆட்சிதான் நூற்றவனையும் மிரட்டியது. இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து லாபத்தை வழித்தவர்கள் வேறு.

அங்கோலாவில் போர் மூண்டதும் 1961 ஏப்ரலில் "உடனே, முழு பலத்தோடு" அங்கோலாவுக்குப் படை போக வேண்டும் என்று சலாஸார் முழங்கினார். போனது யார் பிள்ளை? கம்பெனி டைரக்டரின் பிள்ளையா? அந்த ஆலைத் தொழிலாளியின் பிள்ளையும் ஏழை உழவனின் பிள்ளையும்தான் கட்டாயமாகப் பட்டாளத்தில் சேர்க்கப்பட்டுக் கப்பல் ஏற்றப்பட்டார்கள். அங்கோலா, கினியா, மொஸாம்பிக் ஆகிய மூன்று போர்முனைகளில் பதின்மூன்று வருஷத்தில் 8,000-க்கும் மேற்பட்ட போர்த்துக்கீசியச் சிப்பாய்கள் மாண்டார்கள். இன்னும் பல லட்சம் பேர் பட்டாளத்துக்கும் பட்டினிக்கும் பயந்து பிரான்சுக்கும் மற்ற நாடுகளுக்கும் ஓடிப் பிழைத்தார்கள்.

கடைசியில் என்ன நடந்தது? 1974 ஏப்ரல் 25-ம் தேதி அந்தப் பட்டாளமே, ஜெயிக்க முடியாத போரில் சலித்து, லிஸ்பனில் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்தது. நாற்பத்தெட்டு வருஷச் சர்வாதிகாரம் ஒரே நாளில் சரிந்தது. தெருவுக்கு வந்த ஜனங்கள் சிப்பாய்களின் துப்பாக்கி முனையில் சிவப்புப் பூவைச் செருகினார்கள். 1975 நவம்பர் 11-ம் தேதி அங்கோலா சுதந்திர நாடு ஆயிற்று. டாக்டர் நேட்டோ அதன் முதல் ஜனாதிபதி ஆனார். விதைக்க மறுத்த உழவன் தன் நாட்டுக்கு மட்டுமா விடுதலைக்கு வழி திறந்தான்? தன்னை அடித்தவனின் நாட்டுக்கும் திறந்தான்!

முப்பத்தைந்து வருஷமும் நான்கு மாதமும்

கனவான்களுக்கு இன்னும் ஒரு கணக்கு பாக்கியிருக்கிறது. கட்டாயப் பருத்திச் சட்டம் 1926-ல் வந்தது. 35 வருஷம் உழவன் பொறுத்தான். மனு, முறையீடு, சொந்த அதிகாரியே எழுதிய அறிக்கை, எதற்கும் ஓர் எழுத்து மாறவில்லை. 1961 ஜனவரியில் விதையை எரித்தான். அதே வருஷம் மே மாதம் கட்டாயப் பருத்தி ஒழிந்தது என்று லிஸ்பன் சட்டம் போட்டது. செப்டம்பரில் 'சுதேசி'ச் சட்டமும் போயிற்று. 35 வருஷத்தில் தர்மம் தோன்றாத மனதில் நான்கே மாதத்தில் தர்மம் தோன்றிவிட்டதே, எப்படி? அந்த நான்கு மாதத்தின் பெயர்தான் கசாஞ்சே. இதைச் சொல்லாமல், "அவர்களாகவே மெல்ல மெல்லச் சீர்திருத்தம் செய்திருப்பார்கள்" என்று பேசுகிறவன், செத்தவன் சம்பாதித்ததைக் கொன்றவன் பெயரில் பட்டா எழுதுகிறான்.

சுதந்திர அங்கோலா பிப்ரவரி 4-ஐ ஆயுதப் போராட்டம் தொடங்கிய நாளாகவும், ஜனவரி 4-ஐக் காலனி அடக்குமுறையில் மடிந்த தியாகிகளின் நாளாகவும் நினைவுகூர்கிறது. நல்லது. ஆனால் தேதியை நினைத்தால் மட்டும் போதாது. 2025 ஜூலையில், சுதந்திரத்தின் ஐம்பதாவது வருஷத்தில், டீசல் விலை உயர்வை எதிர்த்து லுவாண்டாவில் ஏழை ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். அந்தக் கலவரத்தில் 30 பேர் மாண்டார்கள் என்று சர்க்காரே ஒப்புக்கொண்டது. எண்ணெய் பெருகும் நாட்டில் எண்ணெய் விலைக்காக ஏழை மாள வேண்டுமா? கசாஞ்சே உழவன் கேட்ட கேள்விக்கு, விளைகிற செல்வம் யாருக்கு என்ற அந்தக் கேள்விக்கு, இன்னும் முழுப் பதில் கிடைக்கவில்லை.

ஆகையால் தோழர்களே, இனி எவராவது வந்து "முதலில் வெட்டுக்கத்தியைத் தூக்கியது யார்?" என்று கேட்டால், கோபப்பட வேண்டாம். நிதானமாக மூன்று கேள்வி கேளுங்கள். அந்தக் காட்டில் விதை யாருடையது, விலையை வைத்தவன் யார்? மாட்டேன் என்று சொன்னவன் மேல் விமானத்தை அனுப்பியது யார்? செத்தவர்களை ஏன் எண்ணவில்லை? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டுக் கத்தியைப் பற்றிப் பேசட்டும்.